நர்ஸம்மா பதில்கள்: நடவு நாளில் வந்த வலி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் 35 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன், வீட்டில் விவசாயம் என்று போன இதழில் நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லை, கைக்கு வந்த வரிசையில் எடுத்திருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் போட்டிருக்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் போய்த்தானே ஆக வேண்டும்? வீட்டில் மாடு, வயல், பிள்ளைகள். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?
(வாசகி, மன்னார்குடி)

என் மாமியார். இதோடு நிறுத்தினாலும் பதில் சரிதான், ஆனால் அவர் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

1984-ல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் நாகப்பட்டினம் ஆனது, 1997-ல் திருவாரூர் ஆனது. வீட்டை மாற்றாமலே மூன்று மாவட்டத்தில் வேலை பார்த்துவிட்டேன். நிலம் ஒன்பது மா, வெளி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்வதென்றால் மூன்று ஏக்கர். 5,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது அரசாங்கக் கணக்கு. அந்த 5,000 பேர் ஒரே ஊரில் இருக்க மாட்டார்கள் அல்லவா, ஆற்றுக்கு அந்தக் கரையில் இரண்டு ஊர், இந்தக் கரையில் நாலு ஊர் என்று சிதறிக் கிடந்தார்கள்.

ஒரு புரட்டாசி மாதம் சம்பா நடவு. முதல் நாளே நாற்றுப் பறித்து முடி கட்டி வயலில் போட்டாகிவிட்டது, விடிந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அக்கரையிலிருந்து ஆள் வந்தது, தலைப்பிரசவம், பனிக்குடம் உடைந்துவிட்டது என்று. என் கணவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்தார், நான் பின்னால் உட்கார்ந்து ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் பிரசவப் பையுமாகப் போனேன். தலைப்பிரசவம் என்றால் சொல்ல வேண்டுமா, பிள்ளை பிறக்கப் பகல் பதினொன்று ஆனது. நஞ்சுக்கொடி விழுந்து, குழந்தையைத் துணியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, தாய்க்கு ரத்தப்போக்கு நின்றிருக்கிறதா என்று இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், எங்கள் வயலில் பாதி பச்சையாகிவிட்டது. மாடு கறந்தாகிவிட்டது, மூத்தவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியாகிவிட்டது, ஆட்களுக்கு டீ போயிருக்கிறது. வரப்பில் நின்ற மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டது இரண்டே கேள்வி. "என்ன புள்ள?" என்றார். அப்புறம், "பெரிய உசுரு நல்லாருக்கா?" என்றார்.

எப்போதும் இப்படி இருந்தது என்று எழுதினால் பொய். ஊர்ப் பிள்ளையை எல்லாம் பார்க்கிறாள், தன் பிள்ளைக்கு ஜுரம் என்றால் ஆளைக் காணோம் என்று அவரே கிணற்றடியில் நாலு பேரிடம் சொல்லி என் காதுக்கு வந்திருக்கிறது. சொன்னது நிஜம்தான், அதனால் நான் சண்டைக்குப் போகவில்லை.

மொத்தம் எத்தனை பிரசவம் பார்த்திருப்பீர்கள்?
(வாசகர், நாமக்கல்)

ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது, பதிவேடு துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறது, நான் வீட்டில் இருக்கிறேன்.

பிரசவம் பார்ப்பதைத் தவிர கிராம செவிலியருக்கு வேறு என்ன வேலை? வாரத்தில் இரண்டு நாள்தான் எங்கள் ஊருக்கு வருகிறார்.
(வாசகர், அரியலூர்)

இந்தக் கேள்வியில் இருக்கிற குத்தல் புரிகிறது ஐயா. மற்ற நாட்களில் அவர் உங்களுடையதைப் போன்ற வேறு ஊர்களில் இருப்பார். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. மீதி நாட்களில் வீடு வீடாக நடை, திரும்பி வந்தால் எழுத்து. என் காலத்தில் பதிவேடுகளை அடுக்கினால் ஒரு முழ உயரம் வரும், இப்போது அதோடு கர்ப்பிணிகளைக் கணினியில் ஏற்றுகிற பிக்மி பதிவு, கைப்பேசியில் பதிவு என்று சேர்ந்துகொண்டிருக்கிறது. எழுத்து குறையவே இல்லை, அதுதான் வேடிக்கை.

ஆனால் நடவுக் காலத்தில் செவ்வாய்க்கிழமை போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தால் ஒரு கர்ப்பிணியும் வர மாட்டாள். வந்தால் அன்றைய கூலி போயிற்று. அதனால் நான் வயலுக்குப் போய்விடுவேன். நடவு ஆட்கள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். யார் எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் ஏறி உட்காருவாள். முழங்கை வரை சேறு. வாய்க்கால் தண்ணீரில் அலம்பச் சொல்லிவிட்டு, ஈரத்தை என் முந்தானையால் துடைத்து, பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றுவேன். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன், வெளுத்திருந்தால் ரத்தம் கம்மி. கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் காலையிலிருந்து தண்ணீரில் நிற்கிற கால் எல்லாமே ஊறித்தான் இருக்கும். அதனால் முகத்தைப் பார்ப்பேன், மோதிரம் இறுகுகிறதா, கண் மங்குகிறதா, தலைவலி உண்டா என்று கேட்பேன். பிரஷர் 140-க்கு 90-ஐத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, நடவு யாருடைய வயலாக இருந்தாலும் சரி.

ஒரு தடவை அது எங்கள் வயலாகவே இருந்தது. எட்டு மாதக்காரி ஒருத்தியை நான் கரையேற்றியதும் பின்னாலேயே அவள் அக்காவும் துணைக்கு ஏறிவிட்டாள். இரண்டு ஆள் குறைந்தது. என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நட ஆரம்பித்தார். எங்கள் பக்கம் நடவு பெண்கள் வேலை. அந்த வரிசை கோணல் மாணலாக இருந்ததைக் களையெடுக்கும் வரைக்கும் சொல்லிச் சிரித்தார்கள்.

பழைய மருத்துவச்சிப் பாட்டிகளை உங்களைப் போன்ற நர்சுகள் விரட்டிவிட்டீர்கள் என்று சொல்கிறார்களே?
(வாசகி, புதுக்கோட்டை)

விரட்டவில்லை அம்மா, ஆனால் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு பாட்டி இருந்தார், முடிதிருத்தும் குடும்பத்து அம்மா. அந்தக் குடும்பத்துப் பெண்கள்தான் தலைமுறையாகப் பிரசவம் பார்த்தார்கள். கூலி என்று காசு கிடையாது, அறுப்பு முடிந்ததும் களத்துக்கு வந்து நிற்க வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று நெல் அளந்து போடுவார்கள். பிள்ளை பிறக்கும் போது உள் அறை வரைக்கும் போவார், மற்ற நாளில் கொல்லைப்புறம் வழியாகத்தான் வர வேண்டும். இதை எங்கள் வீட்டிலும்தான் செய்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் காலத்து மருத்துவச்சிக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா என்று எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அவர் கை மாதிரி கை நான் பார்த்ததில்லை. வயிற்றில் உள்ளங்கையை வைத்தால் தலை எங்கே, முதுகு எங்கே, இறங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். நான் குழல் வைத்து இதயத் துடிப்பு தேடிக்கொண்டிருப்பேன், "அங்க இல்லம்மா, இங்க வையி" என்று விரலால் காட்டுவார், அங்கேதான் கேட்கும். நான் 18 மாதம் படித்துவிட்டு வந்தவள், எனக்கு முதலில் ரோஷமாக இருந்தது.

ஆனால் அந்த அம்மாவே தொப்புள்கொடியில் சாம்பல் வைப்பார். வேறு ஊர்களில் மஞ்சளும் சாணமும்கூட வைத்தார்கள். பிறந்து ஒரு வாரத்தில் குழந்தை வாய் திறக்காது, பால் குடிக்காது, சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாக வளையும். காற்று கருப்பு என்று தாயத்துக் கட்டுவார்கள். அது டெட்டனஸ். நான் வேலைக்கு வந்த முதல் இரண்டு வருஷத்தில் என் கண்ணால் மூன்று குழந்தைகளைப் பார்த்தேன், மூன்றும் போய்விட்டன. அரசாங்கத்தில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி என்று வைத்து இந்தப் பாட்டிகளைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். கை சுத்தம், இடம் சுத்தம், புது பிளேடு, கொதிக்க வைத்த நூல், கொடியின் மேல் எதுவும் வைக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு டிடி ஊசி போட்டோம். பாட்டிக்கு நான் சொல்லி ஏறவில்லை, என் மாமியார் சொல்லித்தான் ஏறியது. "நம்ம வீட்டு மாடு கன்னு போடறப்ப சாம்பலா வைக்கறோம்?" என்று கேட்டாராம், அதற்கப்புறம் வைக்கவில்லை. 2015-ல் இந்தியாவில் பச்சிளங்குழந்தை டெட்டனஸ் ஒழிக்கப்பட்டதாக அறிவித்த அன்றைக்கு எனக்கு அந்தப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். கடைசி வரைக்கும் நெல்தான் கூலி, பென்ஷன் எல்லாம் எனக்குத்தான்.

இயற்கையாக வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசை. என் கணவரும் சம்மதிக்கிறார். உங்களைப் போன்ற அனுபவசாலி யாராவது பக்கத்தில் இருந்தால் போதும் அல்லவா?
(வாசகி, கோயம்புத்தூர்)

போதாது.

கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நான் வீட்டுப் பிரசவம் பார்த்தவள் என்பதால்தான் சொல்கிறேன். மாசிப் பனியில் ஒரு ராத்திரி. எல்லாம் நல்லபடி நடந்தது, பிள்ளை அழுதது, நஞ்சுக்கொடி முழுசாக விழுந்தது, நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் பாயின் விளிம்பு வரைக்கும் ரத்தம். பிரசவம் ஆனதும் கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாகச் சுருங்க வேண்டும், அவளுக்குத் தொட்டால் ஊறவைத்த மாவு மாதிரி இருந்தது. பையில் இருந்த ஒரே மெத்தர்ஜின் ஊசியைப் போட்டேன், அடிவயிற்றைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தேன். போன் கிடையாது, 108 எல்லாம் 2008-ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆள் ஓடிப்போய்ச் சொல்லி, என் கணவர் எங்கள் வண்டியைப் பூட்டி, வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய் போட்டுக் கொண்டுவந்தார். வண்டியில் நான் அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மெயின் ரோட்டில் நெல் ஏற்றிப்போன லாரியை மறித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். பிழைத்தாள். மறுநாள் எனக்கு விரல்களை மடக்க வரவில்லை. என் கணவர் வண்டியிலிருந்த வைக்கோலை மாட்டுக்குப் போடாமல் தனியாகக் கொண்டுபோய்க் கொளுத்தினார்.

இப்படி ரத்தம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடலாம். முன்கூட்டியே யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது, ரத்தம் நன்றாக இருக்கிறவளுக்கும் வரும், மூன்றாவது பிரசவத்துக்கும் வரும். அதனால்தான் பிள்ளை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறோம், அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும், போட்டும் நிற்காவிட்டால் ரத்தம் ஏற்ற ஏற்பாடு வேண்டும். இதில் எது உங்கள் படுக்கையறையில் இருக்கிறது? 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்தாரே, அந்த வீட்டிலும் கணவர் சம்மதித்துத்தான் இருந்தார்.

உங்களுக்கு வேண்டியது இயற்கை என்பதைவிட, ஆஸ்பத்திரியில் யாரும் கத்தக் கூடாது, அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், அவசரமாகக் கத்தி வைக்கக் கூடாது என்பதாக இருக்கலாம். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் முன்கூட்டியே போய்ப் பாருங்கள், பிரசவ அறையைக் காட்டச் சொல்லுங்கள், கூட ஒரு பெண் இருக்கலாமா என்று கேளுங்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. மீதி ஒன்றில் நீங்கள் இருக்க வேண்டாம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் எத்தனை நாள்? மாமியார் தண்ணீரே தரமாட்டேன் என்கிறார்.
(வாசகி, கமுதி)

தண்ணீர் குடியுங்கள். பால் எதிலிருந்து சுரக்கும்? பூண்டு, சுக்கு, காயம் அரைத்த உருண்டை, பால் சுறாப் புட்டு, கருவாடு, முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், அதில் சண்டை வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைத்தான் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். மாமியார் மாடு வளர்க்கிறவர் என்றால், கன்றுக்குச் சீம்பால் விடாமல் கறந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இது பலித்திருக்கிறது.

என் மனைவிக்குச் செவிலியர் வேலை வரும்போல் இருக்கிறது. எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம். என் அம்மாவுக்கு இஷ்டமில்லை, ராத்திரி எல்லாம் போக வேண்டியிருக்குமே என்கிறார்.
(வாசகர், திண்டுக்கல்)

இப்போது ராத்திரிப் பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஷிப்டில் இருக்கிற ஸ்டாப் நர்சுகள் பார்த்துக்கொள்கிறார்கள், கிராம செவிலியர் சைக்கிளில் ஓடிய காலம் போய்விட்டது, அம்மாவிடம் சொல்லுங்கள். மற்றபடி இதில் என்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை தம்பி, உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பால் கறக்கத் தெரியுமா? சோறு வடிக்கத் தெரியுமா? தெரியாது என்றால் வேலை உத்தரவு வருவதற்குள் கற்றுக்கொள்ளுங்கள். மாதம் பிறந்தால் வருகிற சம்பளம் விவசாய வீட்டுக்கு என்ன என்பது மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறக்காத வருஷங்களில் எங்களுக்குத் தெரிந்தது. குறுவை போய்விட்டால் எங்கள் தெருவில் நகை அடகுக்குப் போகும், எங்கள் வீட்டில் என் சம்பளத்தில் விதைநெல் வாங்கினோம்.

கஜா புயல் அன்றைக்கு நீங்கள் பணியில் இருந்தீர்களா?
(வாசகி, பட்டுக்கோட்டை)

இருந்தேன். ஓய்வுபெற ஒரு வருஷம்கூட இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்தது. முதல் நாளே நாள் நெருங்கின கர்ப்பிணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒருத்தி மட்டும் வர மாட்டேன் என்றாள். என்ன காரணம் என்றால் இரண்டு ஆடு. குடிசையில் விட்டுவிட்டுப் போனால் செத்துப்போகும், ஆடுதான் அவளுக்குச் சேமிப்பு. அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன். கடைசியில் ஆட்டையும் அவளையும் சேர்த்து எங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, ஆட்டைக் கொட்டகையில் கட்டிவிட்டு அவளை வண்டி ஏற்றினேன்.

ராத்திரி கொட்டகைத் தகரம் கிழிய ஆரம்பித்ததும் எண்பது வயது மாமியார் எழுந்துபோய் அந்த இரண்டு ஆட்டையும் கூடத்துக்குள் இழுத்து வந்து அரிசி மூட்டையில் கட்டிவிட்டார். எங்கள் பசுவை அவிழ்த்துவிட்டோம், அது எங்கேயோ போய்விட்டு மூன்றாம் நாள் தானே வந்தது. விடிந்து பார்த்தால் 32 தென்னையில் நாலுதான் நின்றது. என் கணவர் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் மரத்தைப் பார்க்கவில்லை, பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது அவருக்கு ரொம்ப நாள் வருத்தம்.

அவளுக்கு 17-ம் தேதி பெண் குழந்தை. வீடு இல்லை, ஆடு இருந்தது.

உங்கள் பிள்ளைகள் பிறந்தபோது யார் பிரசவம் பார்த்தார்கள்?
(வாசகி, சிதம்பரம்)

மூத்தவள் தை மாதம், சம்பா அறுப்பு நடக்கும்போது, அரசு ஆஸ்பத்திரியில். வலி எடுத்ததிலிருந்து எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன், "நீ இங்க நர்ஸ் இல்ல, பேசாம படு" என்று அங்கிருந்த சிஸ்டர் அதட்டினார். என் கணவர் களத்திலிருந்து நேராக வந்தார், தலை எல்லாம் வைக்கோல், நெல் சுணை. குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன சொல்வதென்று தெரியாமல் "போர் போட்டாச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது என்று மாமியார் அப்புறம் சொன்னார். வைக்கோல் தூசி என்று அவர் இன்றுவரைக்கும் சாதிக்கிறார்.